ஓடுகிறவருக்குப் பேச்சுத்துணை

ஓட்டக்காரரைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு ஒரு உத்தியோகம் தானாக வந்து சேர்ந்துவிடும். அதற்கு ஆர்டரும் வராது, ஆயுத பூஜைக்கு லீவும் கிடையாது.

என் வீட்டுக்காரர் சூலூரில் தறி ஓட்டுகிறவர். தறி நின்ற நேரமெல்லாம் ரோட்டில் ஓடுகிறவர். அந்த வருசம் பங்குனியில், பல்லடத்தில் கிளம்பி உடுமலைப்பேட்டை போய்த் திரும்புகிற, எண்பது கிலோமீட்டருக்கு மேல் வருகிற ஒரு ஓட்டத்துக்குப் போனார். "சித்தெ தூரந்தான்" என்று பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி என்னிடம் சொல்லிவிட்டுப் போனவரை, மறுநாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடுதான் பார்த்தேன். மூத்திரம் டிகாசன் மாதிரி போனது. கால் நகம் ரெண்டு கறுத்துக் கழன்றது. பத்து நாளைக்கு நடை மட்டும்தான், ஓட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் ஆனி மாசம் கோயமுத்தூரில் ஒரு மில்லில் தங்கள் டீமுக்கு ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுப்பதாக இருந்தார்கள். ஓட்டம் வைத்து, முதல் மூன்று பேருக்கு நிரந்தர வேலை. அதற்குள் இவருக்குக் காலும் மூச்சும் திரும்பி வர வேண்டும். நடுவில் கிடப்பதோ சித்திரையும் கத்திரி வெயிலும். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டக்காரராக இல்லாமல் சீட்டாடுகிறவராகவோ பந்தயப் புறா விடுகிறவராகவோ இருந்தாலும் நீங்களும் என் கட்சிதான். அதனால்தான் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த விதம்

அந்த மில்லின் ஓட்டக்காரர்களைப் பழக்குகிற சேவியர் சார் வீட்டுக்கு வந்து இவர் காலை அமுக்கிப் பார்த்தார். "வெயில் ஏர்றதுக்குள்ள, நெம்ப மெதுவா ஓடோணும். பேசிட்டே ஓடோணும். பேச முடியலீன்னா அங்கியே நிக்கோணும். தனியா உட்டா இவன் நிக்க மாட்டான். அம்மணி, நீங்க சைக்கிள்ல கூடப் போயி பேச்சுக் குடுங்க" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அஞ்சாவதோடு நின்றவள். கல்யாணமாகி மூன்று வருசத்தில் இவரிடம் நான் பேசியதெல்லாம் "சாப்படறீங்களா", "பாப்பா தூங்கிட்டா" இந்த ரெண்டுக்குள் அடங்கிவிடும். அடுப்படியில் இருந்த மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவகிட்டப் பேச்சு வாங்கறதுக்கு, அந்த உடுமலைப்பேட்டைக்கே இன்னொருக்கா ஓடிப்போட்டு வந்தர்லாமுங்க!"

போர்டு படித்த நாட்கள்

விடிகிற நேரத்தில் பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புவோம். சைக்கிள் கூடையில் உப்புப் போட்ட மோர், ஈரத் துண்டு. கலங்கல் ரோட்டில் இவர் ஓட, நான் பக்கத்தில் மிதித்தேன். பேச்சுத்தான் வரவில்லை. என்ன பேசுவது? கண்ணில் பட்ட போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்." "ஆமா" என்றார். "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்." "செரி" என்றார்.

போகும்போது போர்டு தீர்ந்துவிட்டது. திரும்பும்போது அதையே மறுபடி படித்தேன். மூன்றாம் நாள் இவர் ஓடிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மணி, அந்தப் பஞ்சர்க் கடை எங்கியும் போயிராது. நம்மூட்டுச் சமாச்சாரம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

நடுரோட்டில் ஒரு சமாதானம்

அதற்கப்புறம் வீட்டுச் சமாச்சாரம் பேச ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்காது; எதிர்க்காற்றில் இவருக்கு எங்கே கேட்கும்? கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை ஏற்றினேன். ஒரு நாள் மேட்டில் சைக்கிள் பின்தங்கிவிட்டது. "ஏனுங்க, நில்லுங்க! கேட்டதுக்குப் பதிலு சொல்லிப்போட்டுப் போங்க!" என்று கத்திக்கொண்டே மிதித்தேன்.

எதிரே வந்த பால்காரர் கேனோடு வண்டியை நிறுத்தி இறங்கி, இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் மில், வேலை, மூச்சு என்று விளக்கினார். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எனக்கு வெட்கத்தில் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கிவிடலாம் போல இருந்தது. பால்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எதா இருந்தாலும் ஊட்டுக்குள்ளார வெச்சுப் பேசிக்கோணும் அம்மணி. நீங்க புருசன இப்படித் தொரத்துறதப் பாத்தா, நாளைக்கு எங்கூட்டுக்காரியும் சைக்கிள் கேப்பாளுங்க!"

'ம்' செல்லாது

கால் வலி குறைந்ததும் இவருக்குத் திருட்டுப் புத்தி வந்தது. வேகத்தைக் கூட்டிவிட்டு, நான் எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். வீட்டில் 'ம்' கேட்டே பழகிய நமக்கு அது பதில் மாதிரித்தான் தெரியும். சேவியர் சாரிடம் கேட்டேன். முழுசாக ஒரு வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும், 'ம்' கணக்கில் வராது என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு வந்திருக்கிற அதிகாரம் எனக்கே புரிந்தது. புருசன் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு சட்டம் உங்கள் கைக்கு வந்தால் என்ன கேட்பீர்கள்? நான், "அந்தப் பந்தயத்துக்குப் போறப்ப சித்தெ தூரம்னு ஏனுங்க பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். காலை இன்னும் எட்டிப் போட்டார். பிரேக் பிடித்தேன். "பதில் வரலீங்க. நில்லுங்க." நின்றார். துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். "நெசத்தச் சொன்னா நீ அழுவீன்னுதான்" என்றார்.

"சொல்லாமப் போயும் அழுதனுங்க. ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள்ள நின்னுட்டு அழுதன்."

இவர் துண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே, புள்ள!"

தொட்டித் தண்ணி

கத்திரி நடக்கும்போது ஒரு நாள் தறிப்பட்டறையில் ராத்திரி வேலை முடிய லேட்டாகிவிட்டது. இன்றைக்கு ஓட வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. பாப்பா மூக்கில் பொட்டுக்கடலையைப் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். "எந்த மூக்குல போட்டா தெரியுமுங்களா?" பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். பார்வை ரோட்டில் இல்லை. கையைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது, வேர்வையே காணோம். சைக்கிளைக் குறுக்கே போட்டேன். சுற்றிக்கொண்டு ஓடப் பார்த்தார். இழுத்துப் பிடித்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடித் தொட்டியில் தண்ணி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்கவே கூச்சப்படுகிறவள், அன்றைக்கு "ஏனுங்கம்மா, ஓடியாங்க!" என்று போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தது. தோட்டத்துக்கார அம்மா ஓடி வந்தார். ரெண்டு பேருமாக இவரைத் தொட்டியில் கழுத்து வரைக்கும் உட்கார வைத்துத் தலையில் தண்ணி ஊற்றினோம். மில்லு வேலை போனால் போகட்டும், ஆளு மிஞ்சினால் போதும் என்றிருந்தது. கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்தேன். வெகு நேரம் கழித்து மெதுவாக, "எந்த மூக்குல?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

தோட்டத்துக்கார அம்மா சொம்பைக் கீழே வைத்தார். "உசுரு வந்ததும் வராததுமா மூக்கக் கேக்கறாரு பாரு. நல்லாருப்பீங்க சாமி, மொதல்ல டாக்டரப் போயிப் பாருங்க!"

மில் கிரவுண்டு

டாக்டர் திட்டினார். ஒரு வாரம் படுக்கை, பிறகு நடை, பிறகு இருட்டோடு கிளம்பி வெயிலுக்கு முன் திரும்புகிற ஓட்டம். அந்த ஒரு வாரம் போனதில் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தோம். ஆனி வந்தது. ஓட்டத்தைப் பார்க்க வேண்டிய ஆபீசர் லேட்டாக வந்ததால் வெயில் ஏறின பிறகுதான் ஓட விட்டார்கள். காற்று அடித்ததே தவிர சூடு குறையவில்லை. உள்ளே சைக்கிள் விடவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில், கயிற்றுக்கு வெளியே நின்றேன்.

எல்லாரும் பாய்ந்து போனார்கள். இவர் கடைசி. ஒவ்வொரு சுற்றும் மரத்தைத் தாண்டும்போது இவர் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பாதி ஓட்டம் தாண்டினதும், முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் உட்கார்ந்தே விட்டார். இவர் அதே ஓட்டமாக வந்து, கடைசி ரெண்டு சுற்றில் காலை எட்டிப் போட்டு, ரெண்டாவதாக முடித்தார்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தாளு ஓடறப்பவெல்லாம் தனியாப் பேசிட்டே இருந்தானே, மண்டைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். சேவியர் சார் கயிற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "தனியா இல்லீங் சார். அந்தா நிக்குதே அந்த அம்மணிகிட்டப் பேசிட்டு வந்தானுங்க. பதில் சொல்லலீன்னா நிறுத்திப்போடுமுங்க."

ஒரு கோடை பூராவும் புருசன் பின்னால் சைக்கிள் மிதித்ததில் இவருக்கு வேலை நிரந்தரமாயிற்று, எனக்கு வாய் நிரந்தரமாயிற்று என்று என் மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.