தூங்கினாலும் பாடம் கேட்கும் ரெக்கார்டர்

மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குவதென்றால் வளைவுகளுக்குப் பயந்து வாந்தி மாத்திரை போட்டுக்கொள்வோம். அந்த மாத்திரை மயக்கத்தில், நாமக்கல்லில் சனிக்கிழமைக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்ததுமே எனக்குத் தூக்கத்தில் கண் சொக்கும். இந்த முறையும் தேர்வில் தவறினால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள். நான் தூங்கினாலும் பாடத்தைப் பிடித்துவைக்க ஒரு ரெக்கார்டர் வாங்கலாமென்று மாமாவோடு நாமக்கல் கடைக்குப் போனேன்.

“மாட்டை ஏரு பூட்டிப் பாத்துத்தான் வாங்கோணும் கண்ணு” என்ற மாமா, கடைக்காரரையே பாடம் நடத்தச் சொன்னார். அவரும் மூன்று ரெக்கார்டர்களை ஓடவிட்டு வாரண்டி விதிகளை விளக்கத் தொடங்கினார். மாமாவும் மாத்திரை போட்டவர்தானே! நாற்காலியிலேயே குறட்டை விட்டார்.

போட்டுக் கேட்டோம். இரண்டில் குறட்டை மட்டும்தான் இருந்தது. மூன்றாவதில் குறட்டைக்கு அடியில் வாரண்டியும் தெளிவாகக் கேட்டது.

மாமா விழித்துக்கொண்டார். “ஏனுங்க, யாரு இந்த இழுப்பு இழுக்கறது?”

“நீங்கதானுங்க” என்றார் கடைக்காரர்.

“அப்ப இதையே கட்டிக் குடுங்க. என்னையே தாண்டிருச்சே!”

அடுத்த வாரம் வகுப்பு முடிந்து வந்து வீட்டில் எல்லோர் முன்னாலும் அதை ஓடவிட்டேன். பாடம் ஒரு சொல் விடாமல் இருந்தது. நடுவில் ஆசிரியர் சொன்னதும் இருந்தது: “அந்தக் கடைசி பெஞ்சை யாராச்சும் எழுப்புங்க. ரெக்கார்டராவது நிம்மதியாப் படிக்கட்டும்.”