காயில்காரரின் தாடை

என் அக்காவின் வீட்டுக்காரரைக் காயில்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது மாமாவின் தொழில். ஓடும் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். "பேரிங் போயிடுச்சு" என்றால் போனதுதான், அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் பல நாள் நினைவில்லாமல் கிடந்து கண் விழித்தார். கையும் காலும் மெல்ல வழிக்கு வந்தன. பேச்சும் வந்தது, கூடவே பல் கடிப்பதும் வந்தது. விழித்திருக்கும்போதே கறகறவென்று அரைப்பார், அடுத்த அறையில் கேட்கும். பல்லுக்கு மாட்டிய உறையையும் கடித்தே ஓட்டை போட்டார். "இப்ப உங்க பேரிங்தான் போயிடுச்சு" என்று அக்கா சிரிப்பாள். பிறகு அடுப்படியில் போய் அழுவாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், மனுஷனுக்குப் பெண்டாட்டிமேல் ஏதோ கோபம் என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

கோபமெல்லாம் இல்லை, தாடையை அடக்கி வைக்கும் மூளைப் பகுதியில் அடி என்றார் டாக்டர். எப்படிக் கடிக்கிறார் என்று பார்க்க வீடியோ கேட்டார். அக்கா எடுத்து மாமாவின் தம்பிக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது அவன்தான், கடையைப் பார்த்துக்கொண்டதும் அவன்தான். தங்கமான பிள்ளை என்று நான்கூடச் சொன்னேன். அந்த வாயைக் கழுவ வேண்டும்.

இரண்டு கன்னத் தசையிலும் ஊசி போட்டார்கள். தசை தளர்ந்துவிடும், சில மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். கூடவே ஒரு பயிற்சி: உதடு சேரலாம், பல் சேரக்கூடாது. சில நாளில் வீடு அமைதியானது. எப்போது கடைக்குப் போகலாம் என்பது ஒன்றுதான் மாமாவின் கேள்வி. டாக்டர் சரி என்ற மறுநாளே இஸ்திரிச் சட்டையோடு கிளம்பிவிட்டார். அக்காவும் நானும் கூடப் போனோம்.

கடையில் கம்பி சுற்றும் மெஷினைக் காணோம். மாமா தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய வாடிக்கைக்காரரான லாண்டரிக்காரர் வாசலில் நின்று அவர் வாயையே பார்த்தார்.

"பல்லு கடிக்கிறது நின்னுடுச்சாண்ணே?"

கடைப் பக்கம் யாரிடமும் நாங்கள் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மாமா கேட்டதும் அவர் நெளிந்தார். வீடியோவைத் தம்பிதான் எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் அனுப்பினானாம். அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனி மோட்டாரைப் பின்தெருவில் இருக்கும் என் புதுக் கடைக்குக் கொண்டுவாருங்கள் என்றானாம்.

பின்தெருவுக்குப் போனோம். மாமாவின் மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. தம்பி எழுந்துகூட நிற்கவில்லை.

"நீ இப்படித் திரும்பி வந்து நிப்பேன்னு யாரு கண்டாண்ணே?" என்றான்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவனை ஓங்கி அறைய எனக்குக் கை பரபரத்தது. அக்கா தன் போனையே வெறித்தாள். வீடியோ எடுத்தவள் அவள்தானே.

மாமாவின் கன்னம் லேசாகத் துடித்தது. தாடை இறுகப் பார்த்து, முடியாமல் தளர்ந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அக்காவிடம் கேட்டார்.

"அடுத்த ஊசியக் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டுக்கலாமா? இத்தன நாள் காரணமில்லாம கடிச்சேன். ஒரு தடவ காரணத்தோட கடிச்சுக்கிறேன்."