வியாகுலமேரியின் மூன்று அறுவடை

ராயப்பன்பட்டி வியாகுலமேரிக்கு வயது ஐம்பத்தொன்று. இருபது வருடமாகப் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்தே நடந்தவர். எவருக்கும் குனிந்து பேசியதில்லை.

போன மாதம் ஏற்றுமதி ஆலோசகர் ஒருவர் டேப்லெட்டோடு தோட்டத்துக்கு வந்தார். திராட்சைக்கு உலகத் தரம் வகுக்கும் பன்னாட்டுக் குழு ஒன்று விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிறதாம். முதல் கேள்வி, அறுவடை எந்த மாதம் என்பது. மேரி மூன்று மாதங்களைத் தொட்டார். திரையில் சிவப்பாகப் 'பிழை' என்று வந்தது.

"ஒரு மாசந்தான் தொடணும்மா. அவங்க ஊர்ல வருசத்துக்கு ஒரு அறுவடைதான்."

"இங்கன மூணு தடவ வெட்டுறோமே சார். அதச் சொல்ல அந்தக் குழுவுல நம்ம பக்கத்து ஆளு யாருமே இல்லையா?"

மொத்தம் பதினான்கு நாற்காலி என்றார் அவர். ஒன்பது ஐரோப்பாவுக்கு. ஆசியா முழுவதற்கும் ஒன்று; அதிலும் நாடுகள் முறைவைத்துத்தான் உட்கார வேண்டும்.

"எதையாவது ஒன்னத் தொட்டுருங்கம்மா, ஃபாரம் போயிரும்."

மேரி டேப்லெட்டை அவர் கையிலேயே திணித்தார்.

"பொய்யச் சொல்லி அனுப்பச் சொல்றீகளா? எங்க கொடி மூணு தடவ காய்ச்சா பிழைன்னு செவப்பாக் காட்டுதே, ஒரே கண்டத்துக்கு ஒம்போது நாற்காலி போட்டப்ப அந்தச் செவப்பு எங்க போச்சு?"