செல்ஃப் எடுக்காத விஸ்வகர்மா பூஜை

பள்ளிப் படிப்போடு நின்றவன் எழுத வருவது கொஞ்சம் அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். காகிதத்திடம் அவ்வளவு கூச்சமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவின் கிடர்பூரில் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தேன். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைதான். ஆனாலும் கிடர்பூரில் இருந்துகொண்டு, கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் அங்கே நடக்கும் விஸ்வகர்மா பூஜைக்கு வண்டியை மினுக்காமல் விட முடியுமா? முந்தின நாள் தெருமுனை மெக்கானிக்கிடம் ஸ்பேனர்களை இரவல் வாங்கி, ஒயர்களைக் கழற்றி, சேஸிஸ் வரைக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பூஜையில் வைக்க வேண்டும் என்று அவர் ஸ்பேனர்களைக் கேட்டு அவசரப்படுத்தவே, கடைசி ஒயரின் போல்ட்டைக் கையாலேயே முறுக்கிவிட்டேன்.

பூஜையன்று காலை, சென்னைக்கு மாற்றலாகிப் போகும் அடுத்த வீட்டுக்காரர்களின் சாமான்களை ஏற்றினோம். மூன்று மணிக்குள் ஹவுரா ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் சேர்க்க வேண்டும். மாலையில் அவர்களுக்கு ரயில். தெருவில் மற்ற வண்டிகளெல்லாம் மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுத்தன. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் 'டிக்' என்றது. எஞ்சின் அசையவில்லை.

அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்னண்ணா, வண்டிக்கு எங்களை அனுப்ப மனசில்லையா?"

மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். வங்காளி; அண்ணனை 'தாதா' என்பார். புது வேட்டி, நெற்றியில் குங்குமம். வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாதா, ஸ்பேனரெல்லாம் சாமி காலடியில இருக்கு. இன்னிக்கு நான் தொட மாட்டேன். வேணும்னா வாயால ரிப்பேர் பண்றேன். லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க."

திருப்பினேன். விளக்கு செத்துவிட்டது.

"பேட்டரி புதுசு. அப்ப எர்த் ஒயர்தான். அது சேஸிஸ்ல முடியற இடத்தைப் பாருங்க."

குனிந்தேன். போல்ட் விரலோடு கழன்று வந்தது. ஒயர் முனைக்கு அடியில் என் கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. ஒயர் இரும்பைத் தொடவே இல்லை.

"அலங்காரம் பண்ணச் சொன்னா மூக்குத் துவாரத்தையும் சேர்த்தா பூசி அடைப்பீங்க? சுரண்டுங்க, தாதா!"

"எதை வெச்சு?"

அம்மாள் வண்டியில் ஏறி, இறுக்கிக் கட்டியிருந்த சமையல் மூட்டையை அவிழ்த்தார். "இதெல்லாம் சாமிகிட்ட போகலையே" என்று தோசைத் திருப்பியையும் இடுக்கியையும் நீட்டினார்.

இரும்பு வெளுக்கும்வரை தோசைத் திருப்பியால் சுரண்டினேன். இடுக்கியால் போல்ட்டைத் திருகினேன். மெக்கானிக் கையைப் பிரிக்காமலே, "இன்னும், இன்னும்" என்றார்.

சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமியது. இரண்டரை மணிக்கு சாமான்கள் பார்சல் ஆபீசில் இறங்கின.

மறுநாள் ஸ்பேனர் வாங்கி அந்த போல்ட்டை இறுக்கினேன். திருப்பிக் கொடுக்க மறந்த தோசைத் திருப்பி சீட்டுக்கு அடியில் கிடந்தது.