ஏழாம் கோரிலிருந்து ஒரு ஸலாம்

இது நடந்தது. கல்முனை பஸாரில் எதையும் ஒன்றுக்கு ஒன்றரையாகச் சொல்வதுதான் வழக்கம். கேட்பவர் எப்படியும் பேரம் பேசிக் குறைப்பார் என்று அந்த அரையை முன்கூட்டியே சேர்த்து வைப்பார்கள். இந்தக் கதையில் அந்த அரை இல்லை. இதுதான் கடைசி விலை. குறைத்துக் கேட்காதீர்கள்.

நடந்தது அப்னாவுக்கு. பஸாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முனாஸின் தங்கச்சி. அவள் கணவன் சரீப் சாய்ந்தமருதிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவன்.

ஒருமுறை முனாஸ் ஏலத்தில் பழைய லெப்டொப்கள் எடுத்தான். விலை படிந்த பிறகும் அவனுக்கு மனம் ஆறாது. மூலையில் கிடந்த பெட்டியைக் காட்டி, "இதையும் சும்மா போடுங்க ஹாஜியார்" என்று வாங்கி வந்தான். திறந்தால் உள்ளங்கை அளவில் சர்க்யூட் போர்டுகள்.

"போச்சு. குப்பைய சுமந்திட்டு வந்திட்டன்" என்றான்.

அப்னாவுக்கோ கண் விரிந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் அவள். அந்தப் போர்டு ஒவ்வொன்றும் ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதன் சிப்புக்குள் பதினாறு குட்டி மூளைகள், கோர் என்பார்கள். பதினாறும் ஒரே நேரத்தில் பதினாறு வேலை பார்க்கும். செய்த வெளிநாட்டுக் கம்பனி எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் வரைபடத்தையும் மென்பொருளையும் யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு செத்த போர்டுகளுக்கு உயிர் கொடுக்கும் பைத்தியங்கள் எங்கெங்கோ நாலு நாட்டில் இருந்தார்கள். அப்னாவும் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

மூன்று போர்டுகளைக் கழற்றி ஒன்றாக்கினாள். மெமரி கார்டில் புது மென்பொருள் ஏற்றினாள். சிப் கொதிக்கும் என்பதால் அதன் தலைக்கு மேல் ஒரு சின்ன ஃபேன். ஒருநாள் போர்டு எழும்பியது. இரண்டு கோர்கள் மட்டும் எழும்பவில்லை. ஏழாவதும் பன்னிரண்டாவதும். என்ன செய்தும் அசையவில்லை. அந்த இரண்டுக்கும் வேலை கொடுக்காதே என்று புரோகிராமில் எழுதி அடைத்துவிட்டாள்.

கூரையில் ஒரு ஏரியல் கம்பி கட்டி, போர்டுக்கு அவள் கொடுத்த வேலை, கடலைக் கேட்பது. மீன்பிடிப் படகுகளில், ஊரில் போட் என்பார்கள், இருக்கும் வயர்லெஸ் ஒரு நேரத்தில் ஒரு சனலை, ஒரு அலைவரிசையைத்தான் கேட்கும். இது பல சனல்களை ஒன்றாகக் கேட்கும், ஒரு கோருக்கு ஒரு சனல். லெப்டொப் திரையில் கோருக்கு ஒன்றாகப் பதினாறு வரி; எதில் குரல் வருகிறதோ அந்த வரி பச்சையாகும். கேட்க மட்டும்தான் முடியும். பதில் அனுப்ப அதில் எந்த ஏற்பாடும் கிடையாது. காது உண்டு, வாய் இல்லை.

விளையாட்டாகத் தொடங்கிய வேலை. பிறகு கடல் கொந்தளித்தது. போன போட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சரீப்பும் இன்னும் மூன்று பேரும் போன போட் மட்டும் திரும்பவில்லை. தேடுகிறோம் என்றார்கள். பொறுமையாக இருங்கள் என்றார்கள். அப்னா கடையின் பின்பக்க மேசையில், அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வேறு என்னதான் செய்வாள்?

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் பஸார் முழுக்க ஷட்டர்கள் இறங்கின. முனாஸ் போனை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்தான்.

"ஷட்டர பாதி இறக்கிட்டுப் போறன் புள்ள. ஆராச்சும் வந்தா தொழுகைக்குப் பொறகு வரச் செல்லு."

"காக்கா, அவருக்கு துஆ கேளுங்க" என்றாள் அண்ணனிடம்.

"கேக்கத்தானே போறன். வரட்டும் அவன். முதல்ல ரெண்டு அறை, பொறகுதான் சோறு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் கண் கலங்கியதை அப்னா பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான்.

நேரம் பன்னிரண்டரை. உச்சி வெயில். ஜும்ஆ நேரத்துப் பஸாரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மனிதக் குஞ்சு இருக்காது. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே வெறும் ரோடு பளபளத்தது. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். உர்ர்ர்... அந்த நேரத்தில் கடலிலும் யாரும் கதைப்பதில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம்.

ஒரு வரி பச்சையானது.

ஏழாவது.

அப்னா முகம் சுளித்தாள். செத்த கோர் அது. அடைத்து வைத்த கோர். புரோகிராமில் பிழை போலிருக்கிறது என்று நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பதினாறு வரியும் சாம்பலாகின. அப்பாடா என்று சாய்ந்தாள்.

மறுபடி ஏழு. பச்சை.

இப்போது ஸ்பீக்கரில் சத்தம். தளக்... தளக்... மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம். நடுவே யாரோ மூச்சு விடுகிறார்கள். அப்னா காதைக் கிட்டக் கொண்டுபோனாள். அவர்தானா? அவரேதானா?

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சரீப் இல்லை. வயதான ஆண்குரல். களைத்த குரல். மிகவும் மரியாதையான குரல்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றாள் அப்னா.

வேண்டுமென்று சொல்லவில்லை. பேச்சு வரும் வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். அரைத் தூக்கத்தில் கேட்டாலும், அடுத்த வீட்டு வாசலில் கேட்டாலும், மனம் யோசிக்கும் முன்பே வாய் பதில் சொல்லிவிடும். பதில் சொல்லாமல் விட்டால்தான் குற்றம். கேட்க மட்டுமே தெரிந்த ஒரு பெட்டிக்குப் பதில் சொன்னதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஸ்பீக்கரில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"பதில் செல்லிட்டாங்க" என்றது அந்தக் குரல். அவளிடம் அல்ல. பக்கத்தில் இருக்கும் யாரிடமோ.

"ஆரு?"

"ஒரு பொம்புள."

அப்னா ஸ்பீக்கரை விட்டுப் பின்வாங்கினாள்.

பன்னிரண்டாவது வரி பச்சையானது. "அஸ்ஸலாமு அலைக்கும்." இளைஞன் ஒருவன். பிறகு மூன்று. பிறகு ஒன்பது. ஒவ்வொரு வரியிலும் ஒரு குரல், ஒரு ஸலாம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பதில் தொண்டை வரை வந்து முட்டியது.

பதினாறும் பச்சை.

முனாஸுக்குப் போன் எடுத்தாள். மணி லாச்சிக்குள் அடித்தது. பிறகு யாருக்கு எடுப்பது? ஊரின் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கடலிலிருந்து வந்த குரல் அல்லவா... அவரைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்திருந்தால்?

"சரீப்..." என்றாள். "சரீப் இரிக்காரா?"

உர்ர்ர்...

"இரிக்கார் மகள்" என்றது முதல் குரல். "நாங்க அவர விட்டுட்டு வாறம்."

"எங்க... எங்க வாறீங்க?"

"நீங்கதானே பதில் செல்லினீங்க."

போர்டின் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஃபேன் நின்றது.

லெப்டொப் திரையில் இன்னும் பதினாறு வரி. பச்சை.

டக்.

ஷட்டரில்.

டக்... டக்...

குனிந்து பார்த்தாள். பாதி இறங்கிய ஷட்டர். தட்டுகிறவனின் கால் தெரிய வேண்டும்.

வெறும் ரோடு.

டக்.

கடைக்கு வேறு வாசல் இல்லை.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. தொழுகை முடிந்து ரோட்டில் சைக்கிள் மணியும் பேச்சும் கேட்கும் வரை. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு முனாஸ் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றபோது அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரன் ஓடிவந்தான்.

முனாஸ் எல்லாவற்றையும் பார்த்தான். கூரைக்கும் ஏறினான். இறங்கி வந்தபோது அவன் முகம் சரியில்லை.

"ஏரியல் கம்பி கழண்டு கிடக்குது புள்ள. உப்புப் பிடிச்சி அறுந்திரிக்கு. இது இண்டைக்கு அறுந்ததில்ல." பிறகு சொன்னான்: "நீ தூங்கி எத்தின நாள்? வீட்ட போ."

மூன்றாம் நாள் சரீப் வந்தான். வெகு தொலைவில் ஒரு பெரிய போட் கண்டு கட்டியிழுத்து வந்தது. நான்கு பேரும் உயிரோடு. முனாஸ் சொன்னபடி அறையவில்லை. கட்டிப்பிடித்து அழுதான்.

இரவு, சோற்றைப் பிசைந்துகொண்டே சரீப் கதைத்தான்.

"வயர்லெஸ்ஸ முதல் நாளே தண்ணி அடிச்சி நாசமாக்கிட்டு. அதுக்குப் பொறகுதான் அது துடங்கின. சுத்திவர ஒரு போட்டும் இல்ல அப்னா. ஆனா ஸலாம் செல்றாங்க. நாலு பக்கத்தாலயும்."

அப்னா அவன் தட்டில் கறி ஊற்றப் போன கரண்டியை நிறுத்தினாள்.

"தண்டயல் எங்களக் கத்தவே உடல்ல. போட்ட ஓட்டி ஓட்டி நரைச்ச மனுசன். பதில் செல்லிராதீங்கடா, பதில் கிடைச்ச இடத்துக்குத்தான் அவங்க போவாங்க எண்டார். ஆனா வாய் கேக்குமா? தன்னால வருது. சாரத் துணிய வாய்க்குள்ள அடைச்சிக்கிட்டு ராப்பகலா இருந்தம். வெள்ளிக்கிழம பகல்தான்... டக்கெண்டு நிண்டிட்டு. கடலே வெறிச்சோடிப் போச்சி. தண்டயல் அழுதிட்டார்."

"ஏன்?"

"ஆரோ எங்கயோ பதில் செல்லிட்டாங்களாம். நாம தப்பினம், ஆனா அந்தாள் பாவமெண்டு அழுதார்." சரீப் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆரெண்டு தெரிஞ்சா காலப் பிடிச்சிக் கும்பிட்டாலும் தகும்."

அப்போது வாசலில் ஸலாம் கேட்டது. காலையிலிருந்தே அவனைப் பார்க்க ஆட்கள் வந்தபடிதான் இருந்தார்கள். சரீப் தலையைத் திருப்பி வாயைத் திறந்தான்.

அப்னா தன் கையால் அந்த வாயைப் பொத்தினாள். அவன் மிரண்டு அவளைப் பார்த்தான். அவள் விடவில்லை.

கேற் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. செருப்புச் சத்தமும் கேட்கவில்லை. யாரும் உள்ளே வரவில்லை.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸலாம். வேறு குரல்.