வெறும் கண்ணாடிப் பெட்டி

நாங்கள் குடியிருக்கும் வில்லரேப் பகுதியில் செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த அந்தத் தமிழர், பாம்பைத் தொடுமுன் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். கையில் எலி வாசம் இருந்தால் பாம்பு விரலை இரையென்று நினைத்துவிடுமாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மகளின் பிறந்தநாளுக்குப் பாம்பு வாங்கித் தருவதாக வாய் தவறிச் சொல்லியிருந்தேன். பிறந்தநாள் நாளைக்கு. முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்ற சாதுவான பாம்பு கேட்டேன். செம்மஞ்சள் நிறத்தில், விரல் தடிப்பில் ஒன்றைத் தூக்கினார்.

"பிடியுங்கோ அண்ணை, ஒண்டும் செய்யாது."

கையை நீட்டினேன். கால்கள் கதவடிக்குப் போய்விட்டன. அவர் மறுபடி கை கழுவி வந்தார். நான் மறுபடி கதவடியில். சமாளிக்க, "பால் எப்ப வைக்கோணும்?" என்றேன்.

"அண்ணை, இது கோயில் புற்றுப் பாம்பில்லை, எலி தின்னும். உறைஞ்ச எலியை உங்கட ஃபிரீஸருக்குள்ள வைக்கோணும். அக்காவிட்டைக் கேட்டனீங்களோ?"

மனைவியிடம் கேட்கவில்லை. எரிச்சலில், "காசு தாறன், பெட்டிக்குள்ள போட்டுத் தாங்கோ!" என்று கத்தினேன்.

"பாம்பு சாதுதான், நீங்கள்தான் இன்னும் இல்லை. இண்டைக்கு வெறும் பெட்டியைக் கொண்டுபோங்கோ. ஒரு கிழமை அதோட பழகுங்கோ. பேந்து பாப்பம்."

பிறந்தநாளன்று மகள் பெட்டிக்குள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஆளை நாள் முழுக்கத் திட்டினேன்.

ஆனால் தினமும் காலையில், அந்த வெறும் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று தரம் பார்க்கிறேன். வெறும் பெட்டிக்கே இப்படிப் பயப்படுவேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?