சாக்கு போட்டு மறைத்த பெயர்

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, பெயர்தான் வரவில்லை. அடிபட்ட மாடோ நாயோ ஆடோ, எதுவானாலும் கூலி வாங்காமல் தஞ்சாவூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக, நானும் என் வீட்டுக்காரரும் ஓர் அமைப்பு தொடங்கியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். வண்டி ஓட்டுவது அவர். ‘உதயம்’ என்று வைத்தால் ஒரு கட்சி. ‘துளிர்’ என்றால் இலை, இலை என்றால் இன்னொரு கட்சி. இந்த ஊரில் வாயைத் திறந்தாலே ஏதாவது ஒரு கொடி பறக்கிறது! “கைத்தாங்கல்னு வைப்போமே” என்றார் அவர். எனக்கும் பிடித்திருந்தது.

ஆனால் வண்டியை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் மகன், சிங்கப்பூரில் இருக்கிறார். “எங்கப்பா பேரைப் போடுங்க டீச்சர், வேற ஒண்ணும் வேணாம்” என்றார் போனில். அவருடைய அப்பா, கூலி உயர்த்திக் கேட்டவர்களைக் களத்துமேட்டில் கட்டிவைத்து அடித்தவர். செத்த பிறகும் கீழத்தெருவில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. போடமாட்டேன் என்றால் வண்டி போய்விடும். போட்டால் கீழத்தெருவில் யாரும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், பெயருக்காக வண்டியை விடுவாளா ஒருத்தி என்று என்னை நானே அதட்டிக்கொண்டு பெயின்டரை வரச் சொன்னேன். அவர் வண்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் பெரிது பெரிதாக எழுதிவிட்டு, பெயின்ட் வாங்கப் போனார்.

அந்த நேரம் பார்த்தா கீழத்தெருவிலிருந்து போன் வரவேண்டும்! பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று வந்து பார்த்த டாக்டர் சொல்லிவிட்டாராம். பெயரை அழிக்கத் தோன்றவில்லை, அப்படியே ஓடினோம்.

பசுவின் சொந்தக்காரி என்னைவிட மூத்தவள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மாறியது.

“டீச்சரம்மா, எங்கப்பாவைக் கட்டிவெச்சு அடிச்ச பேரு இது. இதுல என் மாட்டை ஏத்தமாட்டேன்.”

“அக்கா, மாடு செத்துப்போயிடும்க்கா!” எனக்கு அழுகை முட்டியது. அவள்மேல் கோபம் வந்தது. அவளிடம் போய்க் கோபப்படுகிறாயே என்று என்மேல் அதைவிடக் கோபம்.

பசு முனகியது. வெயிலுக்காக அதன் முதுகில் ஈரச்சாக்குப் போட்டிருந்தார்கள். அவள் அதை உருவிக்கொண்டுபோய், வண்டியின் மேல் கம்பியில் செருகித் தொங்கவிட்டாள். பெயர் மறைந்துவிட்டது.

“இப்ப ஏத்துங்க.”

நாலு பேர் பசுவைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் சாக்கை எடுத்தபோது சாக்பீஸ் எல்லாம் கரைந்து வெள்ளையாக வழிந்திருந்தது. பசு பிழைத்தது, கன்று போய்விட்டது. டாக்டர் அதைச் சொல்லிவிட்டுப் போகவும் சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால் வந்தது.

“எழுதியாச்சா டீச்சர்? காட்டுங்க.”

மழையில் கரைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அந்த வெள்ளைத் தீற்றலைக் காட்டினேன். “அந்தப் பேரைப் பார்த்தா கீழத்தெருவுல மாட்டை ஏத்தமாட்டேங்கிறாங்க, தம்பி. கட்டிவெச்சு அடிச்ச பேருன்னு சொல்றாங்க. வண்டி திரும்ப வேணும்னா எடுத்துக்குங்க.” சொல்லிவிட்டேன். ஐயோ, வண்டி போச்சு!

அவர் திரைக்கு அருகே குனிந்து அந்தத் தீற்றலைப் பார்த்தார்.

“மாடு பொழச்சுதா?”

“பொழச்சுது தம்பி.”

“நீங்க நெனைச்ச பேரையே வைங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது கோபமா, வெட்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவர் போன் செய்யவே இல்லை. வண்டியைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

நாலு நாள் கழித்துப் பசுவை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது வண்டியில் ‘கைத்தாங்கல்’ என்று நீல பெயின்டில் எழுதியிருந்தோம். அவள் தெருமுனையிலேயே நின்றிருந்தாள். கையில் ஈரச்சாக்கு, தயாராக. வண்டியின் பக்கமாக வந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு சாக்கைப் பிழிந்து உதறி, பசுவின் முதுகில் போட்டாள்.